நாலரை அங்குலச் சுவர்

கௌஸ் மொய்தீன் என்று பெயரைச் சொன்னால் மத்திகிரியில் பாதிப் பேருக்கு இன்னும் தெரியாது. "யாரு, அந்தச் செதில் பாயா?" என்று கேட்பார்கள். ஒரு மனிதன் வருடக்கணக்காகக் கிரைண்டிங் மிஷின் முன்னால் நின்று மயிரிழை பிசகாமல் வேலை பார்த்து, ஒருத்தரையும் வாடா போடா என்று பேசாமல் செத்துப்போனால், ஊர் அவனுக்குக் கொடுக்கிற பட்டம் இது. எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனால் அதைவிடப் பெரிய கோபம் ஒன்று என் மேலேயே இருக்கிறது. அதை இறக்கி வைக்கத்தான் எழுதுகிறேன்.

எழுபத்தெட்டில் ஓசூர் சிப்காட்டில் கம்பெனிகள் ஒன்றன்பின் ஒன்றாகத் திறந்துகொண்டிருந்தன. வேலைக்கு வந்தவர்களுக்கெல்லாம் ஓசூரில் வீடு கிடைக்கவில்லை. மத்திகிரியில் மாட்டுப் பண்ணைக்குப் போகிற ரோட்டில் சரோஜம்மாள் ஒரே வரிசையில் ஐந்து வீடுகளைக் கட்டி வாடகைக்கு விட்டிருந்தாள். வீடு என்று சொல்வது ஒரு மரியாதைக்காக. முன்னால் ஓர் அறை, பின்னால் ஒரு சமையல்கட்டு, மேலே எல்லாருக்கும் சேர்த்து ஒரே ஷீட்டுக் கூரை. ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் நடுவில் ஒற்றைச் செங்கல்லை நெடுக்காக அடுக்கிப் பூசிய நாலரை அங்குலச் சுவர். ஒருத்தர் மிளகாய் வறுத்தால் ஐந்து குடும்பமும் தும்முவோம். மேற்குக் கோடியில் முதல் வீடு என்னுடையது. மூன்றாவது வீட்டில் கௌஸ் மொய்தீன், நாலாவதில் திம்மராயன்.

கௌஸுக்குச் சொந்த ஊர் கிருஷ்ணகிரி. அப்பா மாங்காய் மண்டியில் எடை போடுகிறவர். அந்த வருடம் கௌஸுக்கு இருபத்தெட்டு வயது. அஸ்மத்தைக் கட்டி ஒரு வருடம்கூட ஆகவில்லை. ஆள் நல்ல உயரம், அமைதியான முகம். முழங்கையிலும் முழங்காலிலும் அதற்குக் கீழே காலின் முன்பக்கத்திலும் மட்டும் தோல் சிவந்து தடித்து, அதன்மேல் வெள்ளை வெள்ளையாகச் செதில் கட்டியிருக்கும். சொறிந்தால் பொடியாக உதிரும். பதினேழு வயதில் வந்தது, போகவே இல்லை. வெட்பாலைத் தைலம் தடவிக்கொண்டு வந்து நின்றால் சட்டையெல்லாம் ஊதாக் கறை. தார் வாடை அடிக்கிற ஒரு களிம்பும் உண்டு. இது ஒட்டுகிற நோய் இல்லை என்று ஒவ்வொருத்தரிடமும் அவரே வலியப் போய்ச் சொல்லுவார். சரி சரி என்று தலையாட்டிவிட்டு, கேன்டீனில் அவர் வைத்த டம்ளரை எடுக்காமல் வேறு டம்ளர் எடுப்பார்கள். பள்ளிவாசலில் தோளோடு தோள் ஒட்டி நிற்க வேண்டிய வரிசையில் அவருக்கு இரண்டு பக்கமும் ஒரு சாண் இடம் விட்டிருக்கும். அவர் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. காலையில் எழுந்ததும் பாயில் கிடக்கிற செதிலைப் பார்த்து மனைவியிடம் மன்னிப்புக் கேட்கிற மனிதர் அவர். அஸ்மத் அதைக் கூட்டி அள்ளிப் போடுவாள்.

தோல் போதாதென்று கால் வேறு. பகலெல்லாம் ஒன்றும் தெரியாது. பொழுது சாய்ந்து படுத்தால் போதும், ஆரம்பித்துவிடும்.

"மேல அரிச்சா சொறிஞ்சிக்கலாம்ணா. இது எலும்புக்குள்ள ஊறுது. வலின்னும் சொல்ல முடியல. கால ஆட்டலைன்னா பைத்தியம் புடிச்சிடும் போல இருக்குது" என்பார் என்னிடம். எழுந்து நடந்தால் கொஞ்சம் தேவலை. அதனால் வாசலில் கோடிக்குக் கோடி நடப்பார். நான் ஒன்றுக்கிருக்க எழுந்து வந்தால் எதிரே வந்து, "தூங்கலையா?" என்று என்னைக் கேட்பார். நாங்கள் விடுவோமா? பாய் இருக்கிற வரைக்கும் சரோஜம்மாளுக்கு வாட்ச்மேன் செலவு மிச்சம் என்று கேலி பேசினோம். அவரும் சிரிப்பார். "நான் கண்ணே மூடறதில்லண்ணா" என்பார். அவர் அப்படித்தான் நம்பினார். நாங்களும் நம்பினோம்.

இந்த இடத்தில் அவர்கள் படுக்கிற திசையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அதைச் சொல்லாவிட்டால் மற்றது எதுவும் விளங்காது.

அந்த அறையில் வடக்கே வாசல், தெற்கே சமையல்கட்டு. வடக்கு தெற்காகப் படுத்தால் நடக்க வழி இருக்காது. எல்லாரும் கிழக்கு மேற்காகத்தான் பாய் விரிப்போம். கௌஸ் தொழுகிற திசை மேற்கு. அந்தப் பக்கம் அவர்கள் கால் நீட்ட மாட்டார்கள். ஆகவே அவர் தலை மேற்கே, கால் கிழக்கே, நாலாம் வீட்டுச் சுவரை ஒட்டி. நாலாம் வீட்டில் திம்மராயன் முருகன் படத்தைக் கிழக்கே பார்த்து மாட்டியிருந்தான். கிழக்கே பார்க்க வேண்டுமானால் படம் மேற்குச் சுவரில்தானே இருக்கும்? சாமிக்கு நேராகக் கால் நீட்டுவார்களா? அவர்களும் தலையை மேற்கே, படத்துக்குக் கீழே வைத்துப் படுத்தார்கள். இவர் கால், அந்தப் பக்கம் அவர்கள் தலை, நடுவே நாலரை அங்குலம். இரண்டு பேருமே சாமிக்கு மரியாதை செய்ததில் வந்த வினை இது.

எழுபத்தொன்பது மாசியில் அஸ்மத் தலைப்பிரசவத்துக்குக் கிருஷ்ணகிரிக்குப் போனாள். அதே மாதம்தான் திம்மராயன் கல்யாணம் முடித்து மனைவியைக் கூட்டி வந்தான். காவேரி என்று பெயர், போச்சம்பள்ளிப் பக்கத்துக் கிராமம். பத்தொன்பது வயது. வந்த மறுநாளே ஐந்து வீட்டுக்கும் குழம்பு கொடுத்து உறவு பிடித்துக்கொண்ட பெண். சிரித்தால் ரோடு வரைக்கும் கேட்கும்.

திம்மராயனுக்கு வேறு கம்பெனி. கௌஸுக்கும் அவனுக்கும் ஷிப்ட் மாறி மாறி வரும். அவன் இரவு வேலைக்குப் போகிற வாரம் இவர் வீட்டில் இருப்பார். இவர் இரவு வேலைக்குப் போகிற வாரம் அவன் வீட்டில் இருப்பான். யாரும் திட்டம் போட்டு அமைத்ததில்லை, அப்படி அமைந்துவிட்டது.

இரண்டு மாதத்தில் காவேரியின் சிரிப்பு நின்றுபோனது. கண்ணுக்குக் கீழே கறுத்துவிட்டது. குழாயடியில் என் மனைவி கேட்டபோதுதான் சொன்னாளாம், ராத்திரியில் யாரோ சுவரைத் தட்டுகிறார்கள் என்று. தலைக்கு நேரே ஒரு தட்டு. கொஞ்ச நேரம் சும்மா இருக்கும், மறுபடியும் ஒரு தட்டு. நிற்காதாம், மணிக்கணக்காகப் போகுமாம். முருகன் படத்துக் கண்ணாடி கடகடவென்று ஆடுமாம். அவள் வீட்டுக்காரன் இருக்கிற இரவுகளில் ஒன்றும் கேட்காது. அவன் வேலைக்குப் போனால் வந்துவிடும்.

இதைத் தைரியமாகப் புருஷனிடமும் சொல்லியிருக்கிறாள். மனதில் களங்கம் இருக்கிறவள் சொல்லுவாளா? இந்தச் சின்ன யோசனை அன்றைக்கு எங்கள் ஒருத்தர் மண்டையிலும் ஏறவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் திம்மராயன் வாசலில் நின்று சத்தம் போட்டான். கோபம் வந்தால் அவனுக்குத் தெலுங்குதான் வரும். அதில் கொஞ்சம் பேசிவிட்டுத் தமிழுக்கு வந்தான்.

"பாய், நேராவே கேக்குறன். நான் இல்லாத ராவுல எல்லாம் உன் பக்கத்துல இருந்து சொவுத்த தட்டுறாங்களாம். உன் பொஞ்சாதியும் ஊர்ல இல்ல. எதுக்கு தட்டுற?"

கௌஸுக்கு முகமெல்லாம் வெளுத்துவிட்டது. "நான் ஏம்பா தட்டப்போறன்?" என்றார். சரோஜம்மாள் வந்துவிட்டாள். ஐந்து வீட்டு ஆட்களும் வந்துவிட்டோம். காவேரி நிலைப்படியில் நின்றாள். "தட்டுறாங்க பாய். நீங்களா யாருன்னு எனக்குத் தெரியாது. ஆனா தட்டுறாங்க. சாமி படம் ஆடுது. நான் பொய் சொல்லல" என்றாள். அழாமல்தான் சொன்னாள்.

கௌஸ் உள்ளே போய்க் கைகால் கழுவி ஒளு செய்துகொண்டு, துணியில் சுற்றி வைத்திருந்த குர்ஆனை எடுத்து வந்தார். அதன் மேல் கை வைத்தார்.

"அல்லா மேல ஆணையா நான் இந்தச் சொவுத்த தட்டல. ராவு பூரா முழிச்சிக்கிட்டுத்தான் கெடக்குறன். எந்தச் சத்தமும் என் காதுல விழல."

சரோஜம்மாள் என்னைப் பார்த்தாள். "நீ சொல்லுப்பா. பாய் ராத்திரியில தூங்குறாரா இல்லையா?"

"அவரு எங்கம்மா தூங்குறாரு? விடிய விடிய நடக்குறாரு" என்றேன் நான்.

அவ்வளவுதான். விடிய விடிய விழித்திருக்கிற மனிதர், வேதத்தின் மேல் கை வைத்துச் சத்தமே கேட்கவில்லை என்கிறார். பார்த்தவன் ஒருத்தன் அதற்குச் சாட்சியும் சொல்கிறான். அப்புறம் அந்தப் பெண்ணை யார் நம்புவார்கள்? திம்மராயனே கௌஸின் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டான். பிறகு எல்லாரும் திரும்பிக் காவேரியைப் பார்த்தோம். நிலைப்படியில் நின்றவள் எங்கள் ஒவ்வொருவர் முகத்தையும் வரிசையாகப் பார்த்தாள். அந்தப் பார்வை என் முகத்தில் இன்னும் இருக்கிறது.

பொய்க்காரி என்று சொல்ல எல்லாருக்கும் கொஞ்சம் தயக்கம். அதனால் பேய் பிடித்திருக்கிறது என்று முடிவு செய்தார்கள். அவளுடைய அம்மா பூவம்மாளுக்கு ஆள் போயிற்று. பூவம்மாள் வந்து மகளைக் கூட்டிக்கொண்டு போனாள். ஊருக்குப் பக்கத்தில் ஒரு பூசாரி வேப்பிலையால் அடித்தான். அதில் பேய் ஒத்துக்கொள்ளவில்லையாம். மூன்றாம் நாள் மஞ்சள் கிழங்கைச் சுட்டுப் பிடரியில் மூன்று இடத்தில் வைத்தார்கள். "சத்தம் ஒண்ணும் கேக்கலைன்னு சொல்லு" என்று ஒவ்வொரு சூட்டுக்கும் கேட்டார்கள். அவள் கேட்டது கேட்டதுதான் என்றாள். கையைப் பிடித்துக்கொண்டிருந்தது பூவம்மாள். பெற்றவள்தான் பிடிக்க வேண்டும் என்று பூசாரி சொல்லியிருந்தான்.

திம்மராயன் அவளைத் திரும்ப அழைக்கவில்லை. ஆடி முடிந்து ஆவணியில் வேறு கல்யாணம் செய்துகொண்டு சூளகிரிப் பக்கம் வீடு மாறிப் போனான். வைகாசியிலேயே அஸ்மத் கைக்குழந்தையோடு வந்துவிட்டாள். பெண் குழந்தை, அதியா. அதன் பிறகு நாலாம் வீட்டில் யாருக்கும் எந்தச் சத்தமும் கேட்கவில்லை. பார்த்தீர்களா, பேய் அந்தப் பெண்ணோடேயே போய்விட்டது என்று நாங்கள் பேசிக்கொண்டோம். எங்களுக்குச் சந்தேகமே இல்லாமல் போனது அதனால்தான்.

கௌஸ் மட்டும் தேறவில்லை. ஒரு குடும்பம் தன் வாசலில் உடைந்ததென்று அவருக்கு உறுத்தல். உடம்பு இன்னும் மோசமாயிற்று. தூங்காத மறுநாள் தோல் நெருப்பாக எரியும். தோல் எரிகிற ராத்திரியில் தூக்கம் வராது. செதில் தலைக்கும் முதுகுக்கும் பரவியது. மிஷினில் ஊற்றுகிற பால் மாதிரியான கூலன்ட் தண்ணீர் பட்டுக் கை வெடித்தது. கம்பெனியில் அவரைக் கிரைண்டிங்கிலிருந்து எடுத்து ஸ்டோரில் போட்டார்கள். ஊதாக் கறை படிந்த சட்டையோடு, வீங்கிய கண்களோடு, வருடம் வருடமாக வாசலில் நடந்துகொண்டிருந்தார். நாங்கள் கேலி பேசுவதை எப்போதோ நிறுத்தியிருந்தோம்.

தொண்ணூற்று மூன்றில் யாரோ சொல்லிப் பெங்களூருக்குப் போனார், அங்கே ஒரு பெரிய ஆஸ்பத்திரித் தோல் டாக்டரிடம். நடுத்தர வயதுப் பெண்மணி, நன்றாகத் தமிழ் பேசினாராம். தோலைப் பார்த்து முடித்துவிட்டு, தூக்கத்தைப் பற்றிக் கேட்டிருக்கிறார். இத்தனை வருடத்தில் ஒரு டாக்டரும் கேட்காத கேள்வி. கௌஸ் வழக்கம்போல, கண்ணே மூடுவதில்லை என்று சொன்னார். டாக்டர் அவரை விட்டுவிட்டு அஸ்மத்திடம் திரும்பினார்.

"ராத்திரியில இவர் காலை உதைப்பாரா?"

அஸ்மத் தரையைப் பார்த்தாள். டாக்டர் விடவில்லை, மறுபடியும் கேட்டார். அவள் புடவையைக் கணுக்காலுக்கு மேல் ஒரு சாண் தூக்கிக் காட்டினாள். முன்னெலும்பு நெடுக, பழையதும் புதியதுமாகக் கன்றிப்போன தடம். "கல்யாணம் ஆன நாள்ல இருந்தே" என்றாள்.

டாக்டர் விளக்கிச் சொன்னாராம். இந்தத் தோல் நோய் இருக்கிற சிலருக்குக் கால் தொந்தரவும் சேர்ந்து வரும், இரண்டும் சேர்ந்து தூக்கத்தைக் கெடுக்கும், தூக்கம் கெட்டால் தோல் இன்னும் மோசமாகும். "நீங்க தூங்கறதே இல்லைன்னு நினைக்கிறீங்க. அரைகுறையா தூங்கத்தான் செய்றீங்க. அந்தத் தூக்கத்துல அரை நிமிஷத்துக்கு ஒரு தடவை கால் உதைக்கும். உங்களுக்கே தெரியாது." ரத்தம் எடுத்துப் பார்த்ததில் இரும்புச் சத்து குறைவு என்று வந்தது. நாள் முழுக்க இரும்புத் தூளில் நின்றவனுக்கு ரத்தத்தில் இரும்பு இல்லையாம். மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

திரும்பி வருகிற பஸ்ஸில் அத்திப்பள்ளி தாண்டியதும் கௌஸ் மனைவியிடம் கேட்டிருக்கிறார், ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை என்று. "தோலுக்காக தெனமும் காலையில எங்கிட்ட மன்னிப்பு கேக்குறீங்க. இதையும் சொன்னா அதுக்கும் கேப்பீங்க. எனக்கு மனசு வரல" என்றாளாம். சுவர் இடிக்காமலிருக்கப் ரஜாய் என்கிற கனத்த பஞ்சுப் போர்வையைச் சுருட்டி அவர் காலுக்கும் சுவருக்கும் நடுவே வைத்துவிட்டுத்தான் படுப்பாளாம். காலையில் அவர் எழும் முன்னால் எடுத்துவிடுவாளாம்.

"பேறுகாலத்துக்குப் போனப்ப?"

"ரஜாயை எடுத்துக்கிட்டுப் போனேன். குழந்தைக்கு வேணுமேன்னு."

அன்று சாயங்காலம் நேரே என் வீட்டுக்கு வந்தார். செருப்பைக்கூடக் கழற்றவில்லை. நடந்ததையெல்லாம் சொன்னார். "அப்ப காலையில எழுந்தா என் குதிகால் ரெண்டும் வெள்ளையா இருக்கும்ணா. செதில்னு நெனச்சி கழுவிட்டுப் போயிடுவன். அது சொவுத்துச் சுண்ணாம்புண்ணா" என்று சொல்லி வாயைப் பொத்திக்கொண்டார். நாற்பத்து மூன்று வயது ஆண் அப்படி அழுது நான் பார்த்ததில்லை. அவருக்காவது தெரியாமல் நடந்தது. எதுவுமே பார்க்காமல் பெரிய மனிதன் மாதிரிச் சாட்சி சொன்ன எனக்கு என்ன சமாதானம்?

அஸ்மத்துக்கு அப்போதே சந்தேகம் வந்திருக்குமா, சுவரைத் தட்டிய கதையைக் கேட்டதும் அவளுக்குப் புரிந்திருக்குமா? நான் கேட்டதில்லை. கேட்டால் பதில் சொல்லிவிடுவாளோ என்று பயம்.

பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் போய்க் கேட்டார் கௌஸ். தெரியாமல் செய்த சத்தியத்துக்குக் குற்றமில்லை, அல்லா மனதைத்தான் பார்ப்பான் என்று ஹஜ்ரத் ஆறுதல் சொன்னார். "அல்லா என்னை விட்டுடுவான்ணா. அந்தப் பொண்ணு?" என்றார் கௌஸ். மாத்திரை வேலை செய்தது. கால் அடங்கியது, தோல்கூடக் கொஞ்சம் தேறியது. ஆனால் இப்போது தூங்கினால் நிலைப்படியில் நிற்கிற காவேரி வருகிறாள் என்றார். முன்னே கால் தூங்க விடவில்லை, இப்போது அவள். காவேரியைப் பார்த்து உண்மையைச் சொல்லி, அவள் பொய்க்காரி இல்லை, பேய் பிடித்தவளும் இல்லை என்று அவள் வீட்டாரிடம் ஒரு வார்த்தை சொல்லியே ஆக வேண்டும். அதற்கு முன்னால் தனக்குச் சாவு வந்துவிடக் கூடாது என்பதுதான் அவருடைய ஒரே பயம்.

ஆனி மாதம் நானும் அவரும் போச்சம்பள்ளிக்குப் பஸ் ஏறினோம். அங்கிருந்து நடந்தோம். காவேரிக்கு அப்போது முப்பத்து மூன்று வயது. மாங்காய்ப் பருவத்தில் கிருஷ்ணகிரியில் கூழ் எடுக்கிற பேக்டரிக்குப் போய்வருவாள், மற்ற நாளில் காட்டு வேலை. தலைமயிர் பாதி நரைத்திருந்தது. வீடு மண்சுவர் வைத்த இரண்டு அறை. முற்றத்தின் நட்டநடுவில், எந்தச் சுவரும் எட்டாத இடத்தில் ஒரு கயிற்றுக் கட்டில். மழையோ பனியோ அவள் அங்கேதான் படுப்பாள், பதினாலு வருடமாக வீட்டுக்குள் படுத்ததில்லை என்று பூவம்மாள் எங்களிடம் சொன்னாள். அதைக்கூடப் பேய்க்கணக்கில்தான் சொன்னாள்.

கௌஸ் நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னார். டாக்டர் சொன்னது, ரஜாய், சுண்ணாம்பு, ஒன்று விடவில்லை. பூவம்மாள் புரிந்தும் புரியாமலும் பார்த்துக்கொண்டிருந்தாள். "தூங்குறவன் காலு தட்டுமா? தட்டுனது அவனுக்கே தெரியாதா? இன்னா பாய் கதை சொல்ற?" என்றாள்.

காவேரி கடைசிவரை அசையவில்லை. பிறகு சொன்னாள்.

"வாயால சொன்னா யாரும் நம்ப மாட்டாங்க பாய். நான் சொல்லிப் பாத்துட்டன். இன்னிக்கி ராத்திரி எங்க வூட்டுல படுங்க. சொவுத்துக்கு நேரா கால நீட்டிப் படுங்க. எங்கம்மா அந்தப் பக்கம் ஒக்காந்து கேக்கட்டும். ஊருக்கு வேணாம், என்னை வுட்டுட்டுப் போன அந்தாளுக்கும் வேணாம். எங்கம்மா ஒருத்தி, ஆமா சத்தம் கேக்குதுன்னு சொன்னா போதும்."

கௌஸ் அன்றைக்கு மாத்திரை போடவில்லை. உள்ளறையில் மேற்கே தலைவைத்துப் படுத்தார். சுவருக்கு இந்தப் பக்கம் வெளியறையில் நாங்கள் மூன்று பேரும் சிம்னி விளக்கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். காவேரி அந்த வீட்டுக்குள் இரவில் உட்கார்ந்தது பதினாலு வருடத்தில் அன்றுதான். அவள் முதுகு சுவரைத் தொடவில்லை. நடு அறையில் முழங்காலைக் கட்டிக்கொண்டிருந்தாள். பூவம்மாள் சுவரில் சாய்ந்திருந்தாள்.

அவருக்குத் தூக்கம் வரவில்லை. புரளுகிற சத்தமும் பெருமூச்சும் கேட்டது. வாழ்நாளில் ஒரே ஒரு இரவு அவர் தூங்கித்தான் ஆக வேண்டும், அந்த இரவில் தூக்கம் வராமல் படுத்தியது. எழுந்து அறைக்குள்ளேயே நடந்தார், மறுபடி படுத்தார். எனக்குக் கண் சொருகியது. காவேரியின் கண் விளக்கைவிட்டு நகரவில்லை.

எத்தனை மணி என்று தெரியாது. உள்ளே அரவம் அடங்கியது. கொஞ்ச நேரம் கழித்துச் சுவரில் தட் என்று விழுந்தது.

பூவம்மாளின் முதுகில்தான் விழுந்தது. அவள் விலுக்கென்று நிமிர்ந்தாள். அடுத்தது வர நேரமாயிற்று. வந்தது. அப்புறம் இன்னொன்று. மேலே மண் உதிர்ந்தது. கௌஸின் மூச்சு சீராக, நல்ல தூக்கத்தில் இருக்கிறவனின் மூச்சாகக் கேட்டது. காவேரி இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டாள். பிறகு மெதுவாகக் கையை எடுத்துவிட்டு அம்மாவைப் பார்த்தாள்.

"கேக்குதாம்மா?"

பூவம்மாள் திரும்பி உட்கார்ந்தாள். சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். அடுத்த உதை அந்தக் கைக்கு நேரே வந்தது. கையைச் சட்டென்று எடுத்து மார்போடு வைத்துக்கொண்டாள். அந்த முகத்தை நான் விளக்கு வெளிச்சத்தில் பார்த்தேன். ஏன் பார்த்தேன் என்று இருக்கிறது.

"இது இல்லடி" என்றாள். "இது அவரு காலு. அன்னிக்கி ஒனக்குக் கேட்டது இது இல்ல. அது வேற. பூசாரி சொன்னாரில்ல? அது வேறதான். வேறயாதான் இருக்கணும். இல்லன்னா நான் ஒன் கையப் புடிச்சிக்கிட்டு…" மகளின் பிடரியில் அந்த மூன்று வடு இருக்கிற இடத்தில் கையை வைத்து, சத்தமில்லாமல் குலுங்கினாள்.

காவேரி அம்மாவை ரொம்ப நேரம் பார்த்தாள். உள்ளே கால் உதைத்துக்கொண்டே இருந்தது. அவள் கேட்டதெல்லாம் அந்த ஒரு வார்த்தை. இப்போது பிடித்து உலுக்கினால் அம்மா வாயிலிருந்து அது வந்துவிடும். அது எனக்குத் தெரிந்தது, அவளுக்கும் தெரிந்திருக்கும்.

"ஆமாம்மா" என்றாள். "அது வேற சத்தம்தான். நீ அழுவாத. படுத்துக்கோ."

விடிந்ததும் கௌஸ் எழுந்து வந்தார். பதைப்போடு ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தார். "என்னம்மா, தட்டிச்சா?" என்றார்.

"தட்டுச்சு பாய்" என்றாள் காவேரி. "ஆனா அன்னிக்கி வந்தது இது இல்ல. அது வேற."

கௌஸ் அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு மூலையில் கண் வீங்கி உட்கார்ந்திருந்த பூவம்மாளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். மறுபடி அவர் காவேரியைப் பார்த்தபோது, அவள் யாருக்கும் தெரியாத மாதிரித் தலையை லேசாக அசைத்தாள். அந்த மனிதருக்குப் புரிந்துவிட்டது.

"அப்பிடின்னா நான்தான் தப்பா நெனச்சிக்கிட்டன் போலம்மா" என்றார் பூவம்மாளிடம். "அல்லா மேல ஆணையா சொல்றன், அது என் காலு இல்ல. உங்க பொண்ணுக்கு வந்தது வேற என்னமோ. நீங்க பெத்தவங்க, செய்ய வேண்டியதத்தான் செஞ்சீங்க."

"அதத்தான நானும் சொல்றன்" என்று பூவம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அவள் தோள் இறங்கியதைப் பார்த்தேன். "அவ்ளோ தூரத்துல இருந்து வந்திருக்கீங்க. சாப்புட்டுட்டுத்தான் போவணும் பாய். ஏ காவேரி, பாய்க்கு களி போடு."

காவேரி வட்டிலில் களி உருண்டையை வைத்துக் கீரைக் குழம்பை ஊற்றி அவர் முன்னால் வைத்தாள். கௌஸ் மொய்தீன் உட்கார்ந்து, தலையை நிமிர்த்தாமல், வைத்தது முழுவதையும் சாப்பிட்டார்.